அழைப்பு கடைசியில் யாரிடம் போய்ச் சேருகிறது? அலுவலக வாய்ஸ் மெயில் அமைக்க முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை சாயங்காலம் 6:52-க்குப் பதிவான குரல். 41 வினாடி.

"அலோ... அலோ... யாராச்சும் பேசுங்க... மோட்டாரு ஓடுதுங்க, தண்ணி மேல வர மாட்டேங்குது. நேத்துல இருந்து இப்படித்தானுங்க. தக்காளிக்குத் தண்ணி கட்டோணும். ஆளு அனுப்பி வையுங்க... சரி, வெச்சர்றனுங்க."

பேச்சுக்குப் பின்னால் மோட்டார் இரையும் சத்தம். பெயர் இல்லை, ஊர் இல்லை. கோவைப் பக்கம் ஒரு பம்ப்செட் சர்வீஸ் அலுவலகத்தின் போன் அமைப்பைச் சரிசெய்யப் போனபோது இதைக் கேட்டேன். அன்றைக்குப் புதன்கிழமை. அதுவரை யாரும் இதைக் கேட்டிருக்கவில்லை. சர்வீஸ் சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவருடைய வாய்ஸ் மெயில் பெட்டியில் இப்படி 63 பேர் பேசிவிட்டுக் காத்திருந்தார்கள். இந்தப் பதிவோடு இருந்த நம்பருக்குக் கூப்பிட்டால், பக்கத்துத் தோட்டத்துக்காரர் எடுத்தார். பெரியவர் அவருடைய போனை வாங்கித்தான் பேசியிருக்கிறார்.

மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. "சர்வீஸுக்கு 2" என்றது, 2-ஐ அழுத்தியவரை அந்த எக்ஸ்டென்ஷனுக்கு (அலுவலகத்துக்குள் ஒவ்வொரு போனுக்கும் உள்ள உள் நம்பர்) அனுப்பியது, யாரும் எடுக்காததால் பதிவு செய்தது. பதிவை யார் கேட்பார்கள் என்பதைத்தான் அமைத்தவர்களும் யோசிக்கவில்லை, வாங்கியவர்களும் யோசிக்கவில்லை. அதனால் இந்த வழிகாட்டியைப் பின்பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். அழைப்பு எங்கே முடிகிறது, அங்கே யார் இருக்கிறார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வரவேற்புக் குரலும் காத்திருக்கும்போது போடும் பாட்டும் அப்புறம்.

அழைப்பு உள்ளே வரும் வழி

வெளியிலிருந்து வரும் அழைப்பு ட்ரங்க் வழியாக, அதாவது தொலைபேசி நிறுவனத்திலிருந்து அலுவலகத்துக்கு வரும் இணைப்பு வழியாக, நுழைகிறது. பழைய அலுவலகங்களில் அது பிஆர்ஐ லைன். ஒரு இணைப்பில் ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம். இப்போது புதிதாக எடுப்பவர்கள் பெரும்பாலும் எஸ்ஐபி ட்ரங்க் எடுக்கிறார்கள். டேட்டா கேபிளிலேயே வரும், தேவைக்கேற்ப 5 சேனல், 10 சேனல் என்று வாங்கிக்கொள்ளலாம். உரிமம் உள்ள தொலைபேசி நிறுவனத்திடம் மட்டும் வாங்குங்கள்.

ட்ரங்க் வந்து சேரும் இடம் இபிஎபிஎக்ஸ், அலுவலகத்துக்குள் அழைப்புகளைப் பிரித்து அனுப்பும் மெஷின். அது சுவரில் மாட்டிய பெட்டியாக இருக்கலாம், மூலையில் ஓடும் ஒரு சிறிய கம்ப்யூட்டராகவும் இருக்கலாம். கம்ப்யூட்டரில் ஓடுவது என்றால் பெரும்பாலும் அதற்குள் ஆஸ்டெரிஸ்க் இருக்கும். 1999-ல் அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர், தன் சிறிய கம்பெனிக்கு போன் சிஸ்டம் வாங்கக் காசு போதாமல் தானே எழுதிக்கொண்ட மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். நான் கீழே சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான். மற்ற மெஷின்களிலும் பெயர்தான் மாறும்.

ஒவ்வொரு அழைப்பும் இரண்டு நம்பர்களைக் கொண்டுவருகிறது: கூப்பிட்டவருடையது ஒன்று, அவர் எந்த நம்பரை டயல் செய்தார் என்பது இன்னொன்று. சிஸ்டம் முதலில் பார்ப்பது இரண்டாவதைத்தான். சர்வீஸுக்கு என்றே ஒரு தனி நம்பர் வாங்கி, பம்ப்பின் மேல் ஸ்டிக்கராக ஒட்டிவிட்டால், அந்த நம்பருக்கு வருகிறவர் எந்த மெனுவையும் கேட்காமல் நேரே சர்வீஸ் ஆட்களிடம் போய்விடுவார். முடிந்தவர்கள் இதைச் செய்துவிடுங்கள். பாதித் தலைவலி அங்கேயே தீர்ந்துவிடும்.

முதல் வேலை: ஒரு தாள், ஒரு பேனா

மெஷினைத் தொடுவதற்கு முன்னால் ஒரு பெரிய தாளை எடுங்கள். தாளின் அடிப்பகுதியில், அழைப்பு முடியக்கூடிய இடங்களை எழுதுங்கள். இரண்டே வகைதான் இருக்க முடியும்: ஒரு ஆள், அல்லது ஒரு ஆள் இத்தனை மணிக்குள் கேட்டே ஆக வேண்டிய பெட்டி. பெட்டி என்றால் பக்கத்தில் அந்த ஆளின் பெயரையும், அவர் லீவில் போனால் பார்ப்பவரின் பெயரையும், நேரத்தையும் எழுதுங்கள். பெயர் எழுத முடியாத பெட்டியை வைக்கவே வேண்டாம்.

அப்புறம் மேலே போங்கள். ஒரு எக்ஸ்டென்ஷனை அடித்துப் பார்த்த பிறகு சிஸ்டத்துக்கு நான்கு விதமான பதில் வரலாம். எடுத்தார். வேறு பேச்சில் இருக்கிறார். அடித்தது, எடுக்கவில்லை. போனே இணைப்பில் இல்லை. முதல் மூன்றுக்கும் எல்லாரும் வழி வைத்துவிடுவார்கள். நான்காவதைத்தான் மறப்பார்கள். மேசை போனின் கேபிளைத் துப்புரவு செய்பவர் தெரியாமல் பிடுங்கிவிட்டால் ரிங்கே போகாது. சில சிஸ்டங்கள் அந்த இடத்தில் அழைப்பைத் துண்டித்துவிடும். ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனிலிருந்தும் மூன்று அம்புக்குறி கிளம்ப வேண்டும், மூன்றும் தாளின் அடிக்குப் போய்ச் சேர வேண்டும். எங்கேயாவது ஒரு அம்பு அந்தரத்தில் நின்றால், அங்கேதான் நம் பெரியவர்கள் தொலைகிறார்கள்.

சுற்றிச் சுற்றி வரும் அம்புகளும் உண்டு. விற்பனை எடுக்காவிட்டால் ரிசப்ஷன், ரிசப்ஷன் எடுக்காவிட்டால் விற்பனை என்று ஒரு இடத்தில் எழுதி வைத்திருந்தார்கள். மதிய சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டவர் பொறுமை தீரும்வரை அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பார்.

இரண்டாவது: நேரம், விடுமுறை

அழைப்பு நுழைந்ததும் சிஸ்டம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இன்றைக்கு விடுமுறையா என்பது. அடுத்தது, இப்போது வேலை நேரமா. இந்த வரிசை மாறக் கூடாது. மாறினால் பொங்கல் அன்றைக்குக் காலை 11 மணிக்கு "சர்வீஸுக்கு 2" என்று சொல்லி ஆளில்லாத அறையில் மணியடிக்கும். ஆங்கிலத் தேதியில் மாறாமல் வரும் சுதந்திர தினம் போன்றவற்றை ஒருமுறை போட்டால் போதும். தீபாவளி, ஆயுத பூஜை எல்லாம் வருஷா வருஷம் மாறும். டிசம்பர் கடைசி வாரத்தில் புதுக் காலண்டரோடு உட்கார்ந்து போட்டுவிடுங்கள். திடீர் விடுமுறைக்கு, ரிசப்ஷன் போனிலிருந்தே ஒரு கோட் அடித்து 'மூடிவிட்டோம்' நிலைக்கு மாற்றும் வசதி பெரும்பாலான சிஸ்டங்களில் இருக்கும். அதை ரிசப்ஷனில் இருப்பவருக்குச் சொல்லிக் கொடுங்கள். மழைக்கு அலுவலகத்தைச் சீக்கிரம் மூடும் நாளில் உங்களைத் தேட வேண்டியிருக்காது.

மூன்றாவது: மெனு

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். கூப்பிடுகிறவர் நம்மைச் சந்திக்கும் முதல் இடம் இது.

ஒருவர் 5-ஐ அழுத்தினால் என்ன நடக்கிறது? 770 ஹெர்ட்ஸ், 1336 ஹெர்ட்ஸ் என்று இரண்டு ஒலிகள் சேர்ந்து 'பீப்' என்று போகின்றன. கீபேடில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ஒலி, ஒவ்வொரு பத்திக்கும் ஒரு ஒலி. டிடிஎம்எஃப் என்பது இதுதான். எஸ்ஐபி ட்ரங்கில் இந்த ஒலியை அப்படியே அனுப்பாமல், "இவர் 5-ஐ அழுத்தினார்" என்ற தகவலாகத் தனியே அனுப்புவார்கள். ட்ரங்க் நிறுவனம் ஒரு முறையிலும் உங்கள் சிஸ்டம் இன்னொரு முறையிலும் இருந்தால், கூப்பிட்டவர் எத்தனை தடவை அழுத்தினாலும் மெனு கல்லாக நிற்கும். "2-ஐ அழுத்தினா ஒண்ணும் ஆகறதில்ல" என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். குரலை ரொம்பவும் சுருக்கி அனுப்பும் ஜி.729 முறையில் ஒலியாகவே அனுப்பினால் எண் சிதைந்துவிடும். சேனலுக்கு 64 கிலோபிட் எடுக்கும் ஜி.711-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்; அதில் இந்தியாவில் ஏ-லா வகை.

மெனுவில் நான்கு தேர்வுக்கு மேல் வேண்டாம். கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எது தேவையோ அது முதலில் வரட்டும். பம்ப்செட் அலுவலகத்தில் விற்பனைதான் 1 என்று வைத்திருந்தார்கள். ஆனால் வரும் அழைப்பில் பெரும்பகுதி சர்வீஸுக்கு. மாற்றினோம்.

வாக்கிய அமைப்பையும் கவனியுங்கள். "1-ஐ அழுத்தினால் சர்வீஸ்" என்றால் கேட்பவர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு காரியத்துக்குக் காத்திருக்க வேண்டும். "மோட்டார் ரிப்பேருக்கு... 1" என்றால் தன் காரியம் காதில் விழுந்ததும் வருகிற எண்ணைப் பிடித்துக்கொள்வார். "வாடிக்கையாளர் சேவை மையம்" என்று எழுதிப் படிப்பதைவிட "மோட்டார் ரிப்பேர்" என்பது எல்லாருக்கும் புரியும். குரலுக்கு அலுவலகத்திலேயே நன்றாகப் பேசுகிற ஒருவரை உட்கார வையுங்கள். அந்த ஊர்ப் பேச்சு கேட்டால் ஜனங்களுக்கு ஒரு தெம்பு வரும். துணி அடுக்கிய பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் நின்று மொபைலில் பதிவு செய்தாலே எதிரொலி குறைந்துவிடும். பிறகு 8 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் ஃபைலாக மாற்றி ஏற்றுங்கள். ஸ்டீரியோவில் ஏற்றிவிட்டு குரல் வரவில்லை என்று தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அழுத்துவதற்குக் கொடுக்கும் நேரம் அடுத்தது. டச் போனில் பேசுகிறவர் அதைக் காதிலிருந்து எடுத்து, திரை ஒளிரக் காத்திருந்து, கீபேடைத் தேடித் திறந்து, அழுத்த வேண்டும். 3 வினாடி கொடுத்தால் அது அநியாயம். 7 வினாடி கொடுங்கள். ஒன்றும் அழுத்தவில்லையா, ஒருமுறை திரும்பச் சொல்லுங்கள். அப்போதும் அழுத்தவில்லையா, ரிசப்ஷனுக்கு அனுப்புங்கள். "நீங்கள் எதையும் தேர்வு செய்யவில்லை, நன்றி" என்று துண்டிக்கும் வேலையே வேண்டாம். அழுத்தத் தெரியாதவரும் நம் வாடிக்கையாளர்தான்.

இன்னொன்று, யாரும் சொல்லித் தராதது. எக்ஸ்டென்ஷன்கள் 201, 202 என்று இருந்து, மெனுவில் 2 என்ற தேர்வும் இருந்தால், ஒருவர் 2-ஐ அழுத்தியதும் சிஸ்டம் "இவர் 201 அடிக்கப் போகிறாரோ" என்று சில வினாடி காத்திருக்கும். கூப்பிட்டவருக்கோ லைன் செத்துப்போன மாதிரி இருக்கும். எக்ஸ்டென்ஷன்களை 5-லோ 6-லோ தொடங்குங்கள், மெனுவில் அந்த எண்ணை வைக்காதீர்கள்.

நான்காவது: மணி எத்தனை வினாடி அடிக்க வேண்டும்

நம் ஊரில் கூப்பிடுகிறவர் காதில் கேட்கும் 'ட்ரிங்-ட்ரிங்' ஒரு சுற்று சுமார் 3 வினாடி. 20 வினாடி என்றால் ஆறு, ஏழு சுற்று. மேசையில் இருப்பவர் எடுக்க அது தாராளம். பட்டறையில் வேலை பார்ப்பவர் கை துடைத்துவிட்டு வர 30 கொடுக்கலாம்.

சர்வீஸ் ஆட்கள் நான்கு பேர் இருந்தால் நால்வருக்கும் ஒரே நேரத்தில் அடிக்க வைப்பதுதான் வழக்கம். நான் அதை விரும்புவதில்லை. நான்கு போன் அடித்தால் ஒவ்வொருவரும் இன்னொருவர் எடுப்பார் என்று இருப்பார்கள். கடைசியாக எடுத்தவரை விட்டு அடுத்தவருக்கு என்று முறை வைத்துச் சுற்றிவரும் கியூ நல்லது. எல்லாரும் பேச்சில் இருந்தால் கூப்பிட்டவர் கியூவில் காத்திருப்பார். அதற்கும் எல்லை வையுங்கள்: 90 வினாடி. அதற்கு நடுவிலேயே, "காத்திருக்க நேரமில்லை என்றால் 1-ஐ அழுத்தி விவரம் சொல்லிவிடுங்கள்" என்று ஒரு வழி கொடுங்கள். சர்வீஸ் ஆட்கள் ஒருவருமே கியூவில் சேராத நேரத்தில், கூப்பிடுகிறவர் யாரையும் உள்ளே விடாதபடியும் அமைப்பு உண்டு, அதைப் போட மறக்காதீர்கள். இல்லையென்றால் காலியான அறைக்கு முன்னால் பாட்டு கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

வெளியே இருக்கும் ஆளின் மொபைலுக்கு அனுப்பும்போது மூன்று சிக்கல். ஒன்று, டயல் ஆன உடனே மொபைல் அடிக்காது. சில வினாடி போய்விடும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019 நவம்பரில் வைத்த விதிப்படி எடுக்காத மொபைல் 30 வினாடிதான் அடிக்கும், லேண்ட்லைனுக்கு 60. ஆகவே உங்கள் சிஸ்டத்தின் கணக்கை 25-ல் முடித்து அழைப்பைத் திரும்பப் பிடித்துவிடுங்கள். இரண்டு, அவருடைய மொபைல் வேறு எங்கேயாவது ஃபார்வர்டு ஆகியிருந்தால், அங்கே ஒரு மெஷின் எடுத்தாலும் உங்கள் சிஸ்டம் 'ஆள் எடுத்துவிட்டார்' என்று நினைத்துவிடும். அதற்கு ஒரு மருந்து இருக்கிறது: எடுத்தவரிடம் "அலுவலக அழைப்பு, ஏற்க 1-ஐ அழுத்தவும்" என்று சிஸ்டம் சொல்லட்டும். 1 வந்தால்தான் இணைக்கட்டும். மூன்று, அவர் திரையில் பெரும்பாலும் உங்கள் அலுவலக நம்பர்தான் தெரியும், கூப்பிட்டவருடையது தெரியாது. அந்த ஒரு வரி அறிவிப்பு இதற்கும் உதவும்.

ஐந்தாவது: பதிவுப் பெட்டி

யாரும் எடுக்கவில்லை. இப்போதுதான் வாய்ஸ் மெயில் வருகிறது. சிஸ்டம் அழைப்பைத் தானே எடுத்து, அந்தப் பெட்டிக்கான குரலைப் போட்டு, ஒரு 'பீப்' அடித்துப் பதிவைத் தொடங்குகிறது. 'பேச்சில் இருக்கிறார்' என்பதற்கு ஒரு குரல், 'இடத்தில் இல்லை' என்பதற்கு ஒரு குரல் என்று தனித்தனியாக வைக்கலாம். பேச்சில் இருப்பவர் ஐந்து நிமிடத்தில் கூப்பிடுவார், வெளியே போனவர் கூப்பிட மாட்டார். கேட்பவருக்கு அந்த வித்தியாசம் முக்கியம்.

பெட்டி ஆளின் பெயரில் இருக்கக் கூடாது, வேலையின் பெயரில் இருக்க வேண்டும். சர்வீஸ் பெட்டி, கணக்குப் பெட்டி. ஆள் போவார் வருவார்.

பம்ப்செட் அலுவலகத்துக்கு நாங்கள் பதிவு செய்த குரல் இது: "வணக்கமுங்க. சர்வீஸ் ஆளுங்க எல்லாரும் வெளி வேலையில இருக்காங்க. பீப் சத்தம் கேட்டதும் உங்க பேரு, ஊரு, என்ன கோளாறு, திரும்பக் கூப்பிட வேண்டிய போன் நம்பர் எல்லாம் சொல்லுங்க. நம்பரை மட்டும் ரெண்டு தடவை சொல்லுங்க. காலைல 9 மணிக்குள்ள நாங்களே கூப்பிடுறோம்." நம்பரைக் கேட்டு வாங்கியே ஆக வேண்டும். அடுத்தவர் போனிலிருந்து கூப்பிடுகிறவர்கள் நிறைய.

எண்களுக்கு வருவோம். ஒரு பதிவு அதிகபட்சம் 3 நிமிடம். 3 வினாடிக்குக் குறைந்ததைச் சேமிக்க வேண்டாம். அது 'பீப்' கேட்டதும் வைத்தவர்களுடையது. 10 வினாடி அமைதி என்றால் பதிவை முடிக்கும் வசதியையும் போடலாம். ஆனால் பின்னால் மோட்டார் ஓடினால் சிஸ்டத்துக்கு அது அமைதியாகத் தெரியாது, அதனால் நேர எல்லை கட்டாயம். பழைய அனலாக் லைனில் கூப்பிட்டவர் வைத்ததே சிஸ்டத்துக்குத் தெரியாமல், 'டொய்ங்... டொய்ங்' என்ற சத்தமே மூன்று நிமிடம் பதிவாகியிருப்பதும் உண்டு. இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்: 8 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் ஃபைலில் ஒரு நிமிடம் ஒரு எம்பிக்கும் கொஞ்சம் குறைவுதான். கவலைப்பட வேண்டியது எண்ணிக்கை. ஆஸ்டெரிஸ்க்கில் நீங்கள் மாற்றாவிட்டால் ஒரு பெட்டியில் 100 பதிவுதான். அதற்கு மேல் வருகிறவரிடம் பெட்டி நிறைந்துவிட்டது என்று சொல்லிவிடும்.

வரவேற்புக் குரல் ஓடும்போதே 0-வை அழுத்தினால் ஆபரேட்டருக்குப் போகும்படி வைக்கலாம். பகலில் அது ரிசப்ஷன். ராத்திரியில்? தாளுக்குத் திரும்பிப் போய் அந்த அம்பையும் முடியுங்கள்.

ஆறாவது: பதிவு ஆளைத் தேடிப் போக வேண்டும்

மேசை போனில் சிவப்பு விளக்கு எரிந்தால் புதுப் பதிவு இருக்கிறது என்று அர்த்தம். விளக்கு மட்டும் போதாது. பதிவை இமெயிலில் இணைப்பாக அனுப்பும் வசதி உண்டு. நேரம், கூப்பிட்ட நம்பர், எத்தனை வினாடி என்பதெல்லாம் கூடவே போகும். ஒருவருக்கு அனுப்பாமல், மூன்று பேர் பார்க்கும் பொது முகவரிக்கு அனுப்புங்கள்.

இமெயில் போனதும் சிஸ்டத்திலிருந்து அழித்துவிடும் ஒரு அமைப்பு இருக்கிறது. பார்க்க வசதியாகத் தோன்றும். தயவுசெய்து போடாதீர்கள். இமெயில் ஸ்பேமுக்குள் விழுந்த அன்றைக்கு அந்தக் குரல் உலகத்திலேயே எங்கும் இருக்காது. ஒரு மாதமாவது சிஸ்டத்தில் இருக்கட்டும்.

அப்புறம் ஒரு கோடு போட்ட நோட்டு. தேதி, பெயர், ஊர், நம்பர், கோளாறு, யார் திரும்பக் கூப்பிட்டார், எத்தனை மணிக்கு. பம்ப்செட் அலுவலகத்தில் காலை 8:45-க்கு ஒரு அம்மா பதிவுகளைக் கேட்டு இதில் எழுதுகிறார். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் சூப்பர்வைசருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஏழாவது: பூட்டு

பெட்டியைத் திறக்கும் பின் நம்பர் எக்ஸ்டென்ஷன் நம்பராகவோ 1234-ஆகவோ இருக்கக் கூடாது. பிரிட்டனில் பத்திரிகைக்காரர்கள் பிறருடைய மொபைல் வாய்ஸ் மெயிலில் புகுந்து கேட்டதற்கு, மாற்றப்படாமல் இருந்த இந்த மாதிரி பின்களும் ஒரு வழியாக இருந்தன. அந்த விவகாரத்தில் 168 வருடப் பத்திரிகையான நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு 2011 ஜூலையில் மூடப்பட்டது. பெட்டிக்குள் நுழைந்து அங்கிருந்து வெளியே டயல் செய்யும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் ட்ரங்க் நிறுவனத்திடமே சொல்லி அடைத்துவிடுங்கள். ராத்திரியோடு ராத்திரியாக யாரோ உங்கள் லைனில் வெளிநாட்டுக்குப் பேசி, பில் உங்களுக்கு வரும்.

எட்டாவது: நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள்

அலுவலகம் மூடிய பிறகு, தாளைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் மொபைலிலிருந்து ஒவ்வொரு அம்பாக நடந்து பாருங்கள். ஒன்றும் அழுத்தாமல் இருங்கள். இல்லாத எண்ணை அழுத்துங்கள். ஒரு பட்டன் போனிலிருந்தும் கூப்பிடுங்கள். ஒரு மேசை போனின் கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கூப்பிடுங்கள். பதிவு செய்துவிட்டு இமெயில் வருகிறதா என்று பாருங்கள். கடைசியாக ட்ரங்க் வரும் கேபிளையே பிடுங்குங்கள்: அந்த நேரத்தில் அழைப்பை ஒரு மொபைலுக்குத் திருப்பும் ஏற்பாடு ட்ரங்க் நிறுவனத்தின் பக்கம்தான் இருக்க முடியும், உங்கள் மெஷினால் அப்போது ஒன்றும் செய்ய முடியாது. கரண்ட் போனால் சிஸ்டத்துக்கு மட்டும் யுபிஎஸ் இருந்து பயனில்லை. ரவுட்டருக்கும் போன்களுக்குக் கரண்ட் கொடுக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் வேண்டும்.

ஒரு வாரம் ஓடட்டும். பிறகு அழைப்புப் பட்டியலை எடுத்து, யார் எந்த இடத்தில் வைத்துவிட்டார்கள் என்று பாருங்கள். மெனு முடிவதற்குள் நிறைய பேர் வைத்திருந்தால் குரல் நீளம். 'பீப்' கேட்டதும் வைத்திருந்தால், பேசச் சொல்லும் வரி அவர்களுக்குப் புரியவில்லை. பம்ப்செட் அலுவலகத்தில் முதல் வாரம் இரண்டாவதுதான் நடந்தது. 'பீப் சத்தம்' என்று நாங்கள் சொன்னதை "மணி அடிச்சதும் பேசுங்க" என்று மாற்றினோம்.